தங்கைக்கு அரசு கலைக் கல்லூரியா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா?

நெல்லிக்குப்பத்தான்:
வணக்கம். தங்கை இந்த வருடம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். பி.எஸ்சி. வேதியியல்தான் வேண்டும் என்கிறாள். கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் கலந்தாய்வில் இடம் வந்துவிட்டது. இதற்கிடையில் மாமா புதுச்சேரிப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். "காலேஜ் சின்னது, யுனிவர்சிட்டி பெரியது. நாளைக்குக் கல்யாணம், வேலை எல்லாத்துக்கும் அந்தப் பேர்தான் நிக்கும்" என்கிறார். அங்கே வருடத்துக்கு 90,000 ரூபாய். அப்பா கரும்பு வெட்டு மேஸ்திரி. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு வாரம்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டை வாத்தியார்:
தம்பி, மாமாவுக்கு இருக்கும் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. கல்லூரி சின்னது, பல்கலைக்கழகம் பெரியது என்று எதுவும் இல்லை. பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வித்தியாசம். 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி மூன்று பேர் பட்டம் தரலாம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகம். அந்த யுஜிசி சட்டத்தின் 3ஆம் பிரிவில் பல்கலைக்கழகத்துக்கு நிகரானது, அதாவது நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம். நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். கல்லூரி பாடம் நடத்தும், அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் பட்டம் தரும்.

நம்மைச் சுற்றியே எல்லா வகையும் இருக்கின்றன. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். சிதம்பரம் அண்ணாமலை மாநிலப் பல்கலைக்கழகம். புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் பெயரில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் 2008 முதல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், தானே பட்டம் தருகிறது. காரைக்காலில் இருக்கும் என்ஐடியும் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) அதே வகைதான். பிள்ளைச்சாவடி பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. வளாகம் அதேதான், பட்டத்தில் அச்சாகும் பெயர்தான் வேறு.

தங்கை பெரியார் கல்லூரியில் படித்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும். மாமா சொல்லும் "யுனிவர்சிட்டி" அதிலும் இருக்கிறது. நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரோடு அந்தச் சொல்லை நேராக ஒட்டிக்கொள்ளக் கூடாது, அடைப்புக்குள் "நிகர்நிலை" என்று குறிப்பிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி யுஜிசியே சொல்லிவிட்டது.

பண்ருட்டிப் பலா:
வாத்தியார் சட்டம் சொன்னது சரி. ஆனால் சட்டத்தை வைத்துக்கொண்டு பாடம் படிக்க முடியாது சார். நான் ஒரு நிகர்நிலையில்தான் படித்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றினார்கள். தேர்வு முடிந்து மூன்றாவது வாரம் ரிசல்ட் வந்துவிடும். என் அண்ணன் வேறு மாவட்டத்தில் இணைப்புக் கல்லூரியில் படித்தார். கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் கிடைத்த வேலை போய்விட்டது. நூறு கல்லூரிக்கு ஒரே கேள்வித்தாள், ஒரே பாடத்திட்டம் என்றால் யாரோ ஒரு குழு எப்போதோ எழுதியதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். பணம் கட்டுகிறோம், உண்மைதான். அந்தப் பணத்துக்கு நேரம் மிச்சமானது. நிகர்நிலை என்றாலே வியாபாரம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வகையில் நல்லதும் உண்டு.

கெடிலக்கரை:
பண்ருட்டி அண்ணா, உங்களால் கட்ட முடிந்தது, கட்டினீர்கள். இங்கே அப்பா கரும்பு வெட்டு மேஸ்திரி என்று எழுதியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு 2,70,000 ரூபாய், அதன் மேல் வட்டி. அரசு கலைக் கல்லூரியில் சில ஆயிரத்தோடு முடியும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில், மதிப்பெண் வரிசையில், யாரையும் கெஞ்சாமல் கிடைத்த இடம் அது.

நான் அந்தக் கல்லூரியில் படித்தவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான், குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருவார்கள். மதியம் ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தால் நோட்டுத்தாள் பறக்கும், பேனாவை மேலே வைத்துக்கொண்டு எழுதுவோம். அங்கே படித்ததால் நான் எதில் குறைந்துபோனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. வகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலையை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் பழையபடியே வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல். மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2021இல் அதைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது, இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. அதே கட்டடம், அதே நோயாளிகள். யார் நடத்துகிறார்கள் என்பது மாறியதும் கட்டணம் இறங்கியது. அதனால் எந்த வகை என்று கேட்பதை வெறும் பெயர் விவகாரம் என்று தள்ளாதீர்கள். என் பிள்ளையின் கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

காலாப்பட்டு மாணவி:
கெடிலக்கரை அண்ணா சொன்னதில் கட்டணம் பற்றிய பகுதிக்கு மறுப்பு இல்லை. ஆனால் வேதியியல் என்பதால் ஆய்வகத்தைப் பற்றியும் பேச வேண்டும். நான் ஒரு இணைப்புக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தவள். பி.எஸ்சி.யில் ஒரு பியூரெட்டுக்கு, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்க்கு, நான்கு பேர் நிற்போம். ஒருத்தி சொட்டு விடுவாள், மற்ற மூன்று பேரும் அளவைக் குறித்துக்கொள்வோம். இளஞ்சிவப்பு வந்து நிற்கும் அந்தக் கடைசிச் சொட்டை என் கையால் விட்டது மூன்று வருடத்தில் நான்கைந்து முறைதான். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவியைப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் பார்த்திருந்தேன். காலாப்பட்டில் முதல் மாதமே நேரில் பார்த்தேன். என்னோடு சேர்ந்த வேறு ஊர்ப் பிள்ளைகள் அதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார்கள். அந்த இடைவெளியைத் தாண்ட எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

காலாப்பட்டில் பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரும் படிப்புகளும் உண்டு. இப்போது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை, அதைத் தமிழிலும் எழுதலாம். இந்த வருடம் நேரம் போய்விட்டது. ஆனால் நம் ஊர் அரசுப் பள்ளிகளில் அப்படி ஒரு தேர்வு இருப்பதையே யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மத்தியப் பல்கலைக்கழகம் முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருந்தும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு அது டெல்லி மாதிரி தூரம். எனக்கு ஆற்றாமை இதில்தான்.

பண்ருட்டிப் பலா:
பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் தங்கச்சியும் சொல்கிறார். பியூரெட்டுக்கு நாலு பேர்.

காலாப்பட்டு மாணவி:
இல்லை அண்ணா, நீங்கள் சொன்னது வேறு. காசு கட்டினால் நல்ல ஆய்வகம் கிடைக்கும் என்கிறீர்கள். பொதுப் பணத்தில் நல்ல ஆய்வகம் வேண்டும் என்கிறேன் நான்.

லாஸ்பேட்டை வாத்தியார்:
நடுவில் ஒரு வகையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் திருத்தலும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். பண்ருட்டித் தம்பி சொன்ன தாமதம் அதில் குறைவு, கட்டணமும் நிகர்நிலை அளவுக்குப் போகாது. கடலூரிலேயே இருக்கிறது. வேலூர்ப் பக்கம் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு கடலூர்க் கல்லூரிகள் இணைந்திருந்த காலம் முடிந்து, இப்போது சிதம்பரத்தோடு இணைந்திருப்பதால் இணைப்புக் கல்லூரிகளுக்கும் அலைச்சல் குறைந்திருக்கிறது.

கெடிலக்கரை:
தன்னாட்சியில் எனக்கு ஒரு பயம் உண்டு சார். பாடம் எடுத்தவரே கேள்வி எடுத்து, அவரே திருத்தினால் பையன் உண்மையில் எவ்வளவு தெரிந்துகொண்டான் என்று யார் பார்ப்பது? நிகர்நிலையில் பட்டமும் அவர்களே கொடுப்பதால் அந்தப் பயம் இன்னும் அதிகம். வெளியிலிருந்து கேள்வித்தாள் வரும்போது என் தேவனாம்பட்டினத்துப் பிள்ளையும் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு.

லாஸ்பேட்டை வாத்தியார்:
அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தன்னாட்சியிலும் வெளித் தேர்வாளர்களைக் கூப்பிடுகிறோம், பாடக் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதி உட்காருவார். ஆனால் நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பாடத்துக்கு நானே கேள்வித்தாள் எடுத்த வருடங்களில், நான் நடத்தாமல் விட்ட பகுதியிலிருந்து ஒரு கேள்விகூட வைத்ததில்லை. வெளித்தாள் வந்த வருடங்களில் அந்தப் பகுதியையும் நடத்தியே ஆக வேண்டியிருந்தது.

நெல்லிக்குப்பத்தான்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை தங்கையைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் போய் வந்தேன். வேதியியல் துறையில் ஒரு மேடம் ஆய்வகத்தைத் திறந்து காட்டினார்கள். காலாப்பட்டு அக்கா எழுதியதை ஞாபகம் வைத்து, "ஒரு பியூரெட்டுக்கு எத்தனை பேர் மேடம்?" என்று தங்கை கேட்டுவிட்டாள். "இரண்டு பேர், சில நாள் மூன்று பேர்" என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "இங்கேயே சேர்கிறேன், அப்புறம் எம்.எஸ்சி.க்கு காலாப்பட்டு தேர்வு எழுதுகிறேன்" என்றாள். அப்பாவுக்கும் சம்மதம். மாமா மட்டும் பேசவில்லை. இன்னொரு சிக்கல்: முன்பணம் கட்டிய இடத்தில் பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்திருக்கிறார்கள், பணமும் திரும்ப வராது என்கிறார்கள்.

பண்ருட்டிப் பலா:
நான் இன்னும் நிகர்நிலைக்குத்தான் ஓட்டு போடுவேன். ஆனால் அசலைப் பிடித்து வைப்பது தப்பு, அதை யார் செய்தாலும் தப்புதான்.

லாஸ்பேட்டை வாத்தியார்:
அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018இலேயே யுஜிசி அறிவித்திருக்கிறது. நிகர்நிலைக்கும் அது பொருந்தும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். வாயால் கேட்காதீர்கள். விலகுவதாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். நாளைக்கே போங்கள் தம்பி. முன்பணம் கட்டிய ரசீது மாமாவின் பெயரில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.