பிரிக் பேட்டர்ன் டைல்ஸ்: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

பதிவு 1
ஹாலுக்கு 120க்கு 20 சென்டிமீட்டர், மரப்பலகை டிசைன். பாதிக்குப் பாதி தள்ளி, செங்கல் கட்டு மாதிரி போடச் சொன்னது நான்தான். பகலில் அவ்வளவு அழகு. குடிபோன அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு எதையோ தேடினேன். வெளிச்சம் தரையோடு தரையாகப் போனதில் ஒவ்வொரு ஜாயிண்டும் நிழல் போட்டது, மீன் செதில் மாதிரி. அன்றிலிருந்து சுண்டுவிரல் அந்த விளிம்புகளைத் தானாகவே கண்டுபிடிக்கிறது. மேஸ்திரியிடம் காட்டினால், "பகல்ல தெரியலைல்ல சார்" என்கிறார்.

பதிவு 2
என்னுடையது பாத்ரூம் சுவர், 30க்கு 10 டைல். நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இடது மூலையில் முழு டைலோடு ஆரம்பித்துவிட்டார்கள். வலது மூலையில் ஒரு வரி விட்டு ஒரு வரி 2 சென்டிமீட்டர் துண்டு. பல் தேய்க்கும்போது நேராகக் கண்ணில் படும் இடம். முதல் டைலை 8.5 ஆக வெட்டி ஆரம்பித்திருந்தால் அடுத்த வரி 23.5, இரண்டு மூலையிலும் அதே அளவுகள் மாறி மாறி வந்திருக்கும். எத்தனை தடவை இந்தக் கணக்கைப் போட்டிருப்பேன்!

பதிவு 3
முதல் பதிவு போட்டவருக்கு: மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. நீளமான டைல் சூளையில் வெந்து ஆறும்போதே லேசாக வளையும், நடு கொஞ்சம் மேடாக நிற்கும். பாதிக்குப் பாதி தள்ளினால் ஒன்றின் மேடும் அடுத்ததன் தாழ்ந்த ஓரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குதான் தள்ள வேண்டும், பல பெட்டிகளின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். வாங்கும்போது இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஆடினால் வளைவு. லெவலிங் கிளிப் (பக்கத்து டைல்களை ஒரே மட்டத்தில் பிடிக்கும் கிளிப்) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், அது கலவை இறுகும்வரை பிடித்துக்கொள்ளும், வளைந்த டைலை நிமிர்த்தாது. ஜாயிண்டை 3 மில்லிமீட்டராவது விட்டால் கண்ணுக்கு உறுத்தல் குறையும். டைலின் முதுகிலும் கலவை பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். தேய்த்து மட்டமாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். என் வீட்டிலும் இதேதான் ஆனது, கார்ப்பெட் விரித்துவிட்டேன்.

பதிவு 4 (முதல் பதிவு போட்டவர்)
சார், பாதிக்குப் பாதி கேட்டது நான் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். தரையும் போட்டாகிவிட்டது, இனி எந்தக் கடையில் போய் ஆட்டிப் பார்ப்பது? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மிச்சமான டைல் நாலு பரணில் இருந்தது, இறக்கி நீங்கள் சொன்னபடி சேர்த்து வைத்தேன். நடுவில் ஒட்டுகிறது. ஓரத்தில் இரண்டு ஏடிஎம் கார்டு சேர்த்து உள்ளே போகிறது.