கெளுத்தி முள் குத்தின விரல்: நகச்சுத்தி வைத்தியம் போதுமா?

காசிமேட்டுக்காரன்:
மார்க்கெட்ல மீன் வெட்டுற எங்க அத்தைக்கு முந்தாநாள் கெளுத்தி முள் குத்திடுச்சு. வலது ஆள்காட்டி விரல், நடு மடிப்புகிட்ட, உள்ளங்கைப் பக்கம். இப்போ விரல் முழுக்க வீக்கம், மடங்கினாப்ல நிக்குது. மஞ்சள் சுண்ணாம்பு பத்து போட்டிருக்கோம். நகச்சுத்திதான், எலுமிச்சம்பழம் சொருகுன்னு பக்கத்துல சொல்றாங்க. சுகர் இருக்கு. மாத்திரை வாங்கிக் கொடுத்தா போதுமா? சுடுதண்ணில வைக்கலாமா?

எலும்பு டாக்டர்:
நகச்சுத்தி நகத்து ஓரத்துல வரும். இது அது இல்ல. பத்தைக் கழுவிடுங்க, அந்த மஞ்சள்ல சிவப்பு எங்க வரைக்கும் ஏறியிருக்குன்னே தெரியாது. மோதிரம் இருந்தா இப்பவே கழற்றுங்க.

அப்புறம் நாலு விஷயம் பாருங்க. விரல் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே பருமனா வீங்கியிருக்கா? தானா லேசா மடங்கி நிக்குதா? உள்ளங்கைப் பக்கம் விரல் நீளத்துக்கும் அழுத்தினா வலிக்குதா? நுனியைப் பிடிச்சு நீங்க மெதுவா நிமிர்த்தினா கத்துறாங்களா? கனவெல் அடையாளங்கள்னு பேரு. கடைசியா சொன்னது பெரும்பாலும் முதல்லயே வந்துடும். நாலும் சேரட்டும்னு காத்திருக்காதீங்க.

விரலை மடக்குற தசைநாண் ஒரு குழாய் உறைக்குள்ள ஓடுது. அதுல சீழ் கட்டினா அழுத்தம் ஏறி, தசைநாணுக்குப் போற ரத்தம் நெரியும். நாண் செத்துடும், இல்லாட்டி உறையோட ஒட்டிக்கிட்டு விரல் கட்டையா நின்னுடும். 48 மணி ஆச்சு, சுகர் வேற. இன்னைக்கே போங்க. பக்கத்துலயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரில கை அறுவை சிகிச்சைக்குன்னு தனித் துறை இருக்கு. ராத்திரின்னா கேஷுவாலிட்டி. மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் வெறும் வயிறு கேட்பாங்க, அதனால வழியில டிபன் வேணாம். சுகர் மருந்து எப்போ எடுத்தாங்கன்னு சொல்லுங்க. வேர்த்து மயக்கமா வந்தா மட்டும் சர்க்கரை கொடுத்துட்டு அதையும் சொல்லிடுங்க.

சுடுதண்ணி குத்தின முதல் சில மணி நேரத்துக்குத்தான், விஷக் கடுப்பு அடங்க. 45 டிகிரிக்கு மேல போகாம 30லிருந்து 90 நிமிஷம், சூட்டை நல்ல கையால பார்த்துட்டு. இப்போ பிரயோஜனம் இல்ல.

காசிமேட்டுக்காரன்:
நிமிர்த்தினா கையைப் பிடுங்கிக்கிறாங்க சார். கிளம்புறோம். விரலை முழுசா பிளப்பாங்களா?

எலும்பு டாக்டர்:
சீக்கிரம் போனா பெரும்பாலும் இல்ல. விரல் அடியில உள்ளங்கைல ஒண்ணு, நுனி மடிப்புகிட்ட ஒண்ணு, ரெண்டு சின்ன வெட்டு. உள்ளங்கை வெட்டு வழியா மெல்லிய குழாய் விட்டு சலைன் அடிப்பாங்க, நுனி வெட்டுல தெளிவா வழியுற வரைக்கும். சீழ் கெட்டிப்பட்டிருந்தாதான் பெருசா திறக்கணும். முள் துண்டு எக்ஸ்ரேல தெரியலன்னா அல்ட்ராசவுண்ட் கேளுங்க. கடைசி டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா ஒண்ணு போடணும். ‘கடல் மீன் முள்’னு கண்டிப்பா சொல்லுங்க. கடல் தண்ணில இருக்குற விப்ரியோ கிருமியையும் நினைச்சு மருந்து போடணும்.

லேப் ஆள்:
ஒரு சேர்க்கை. மீன் முள் குத்தி வர்ற இன்னொரு வகைக் கிருமி உடனே சீழ் வைக்காது. குத்தின ரெண்டு மூணு வாரம் கழிச்சு, வலி அதிகமில்லாம முடிச்சு முடிச்சா வரும். மைக்கோபாக்டீரியம் மரினம். சாதாரண கல்ச்சர்ல (கிருமியை லேப்ல வளர்த்துப் பார்க்குற டெஸ்ட்) வளரலன்னு விட்டுடுவாங்க, ஏன்னா அதுக்கு 37 டிகிரி ஒத்துக்காது, 30லிருந்து 32 வேணும். சீட்டுல எழுதி அனுப்பினாதான் லேப்ல அப்படி வைப்பாங்க. இதுக்கு மாத்திரை மாசக்கணக்குல. வாதம்னு நினைச்சு ஸ்டீராய்டு ஊசி போட்டா இன்னும் பரவும்.

கை பிசியோ:
ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டு எப்படி இருக்குன்னு பாருங்க. மணிக்கட்டு கொஞ்சம் பின்னால சாய்ஞ்சு, விரல் அடி மூட்டு 70 டிகிரிக்கு மேல மடங்கி, மத்த ரெண்டு மூட்டும் நேரா இருக்கணும். கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. டாக்டர் சரின்னதும், அதிகபட்சம் ஓரிரு நாள்ல, விரலை அசைக்க ஆரம்பிக்கணும். தையல் பிரிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தா நாண் ஒட்டிக்கும், பிறகு கத்தி பிடிக்க முடியாது. மத்த விரல்களை முதல் நாள்லேயே அசைக்கலாம், அதை யாரும் சொல்லமாட்டாங்க.