வட்டமாக இருப்பதெல்லாம் வண்ணத்துப்பூச்சி மீனா? அடையாளத்தில் சிக்கல் தந்த மீன்கள் – அனுபவப் பகிர்வு

திட்டுவாசி

லட்சத்தீவின் அகத்தியில் எடுத்த படத்தொகுப்பு. கருநீல உடம்பு, வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, வட்டமான சின்ன மீன். கோப்பில் "வண்ணத்துப்பூச்சி மீன், இளசு" என்று பெயர் போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கியபோது கன்னத்தின் கீழ்மூலையில் பின்னோக்கி ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. முன்செவுள் மூடியில் அந்த முள் இருந்தால் அது ஏஞ்சல் மீன், பொமகாந்திடே குடும்பம். வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு, அதாவது கீட்டோடான்டிடே குடும்பத்துக்கு, அது கிடையாது.

மீன் பொமகாந்தஸ் இம்பரேட்டர். குஞ்சும் பெரியதும் ஒரே இனம் என்று நம்ப முடியாத அளவுக்கு நிறம் மாறும். வளையமெல்லாம் போய், வளர்ந்ததும் மஞ்சள் கோடுகள் வந்துவிடும். 1801இல் இதன் குஞ்சைத் தனி இனமாக நினைத்து நிக்கோபாரின் பெயரையே வைத்துவிட்டார்கள். வாலருகே வளையம் முழுதாக மூடியிருந்தால் இம்பரேட்டர். மூடாமல் வளைகோடாகவே நின்றால் அதே பேரினத்தின் செமிசர்குலேட்டஸ்.

நிறத்தைப் பார்த்து இந்த மீன்களைப் பிரிக்கப் போனால் ஏமாற்றம்தான். உங்களுக்குச் சிக்கல் தந்த மீன் எது, எந்த உறுப்பு தீர்ப்புச் சொன்னது என்று எழுதுங்கள்.

கடல்கூடம்

திட்டுவாசி, உங்கள் முள் விதி வளர்ந்த மீனுக்குச் சரி. லார்வாவிடம் எடுபடாது.

விளக்குப் பொறியில் காலையில் எடுத்த மாதிரி அது. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், வெள்ளிப் பளபளப்பு, தலை முழுக்க எலும்புத் தகடு. தகடுகள் செவுளைத் தாண்டிப் பின்னால் நீட்டி நின்றன. முன்செவுள் மூடியின் தகடும் அவற்றில் ஒன்று. உங்கள் விதிப்படி பார்த்தால் இது ஏஞ்சல் மீன் ஆகிவிடும். ஆனால் இது தோலிக்திஸ் நிலை, வண்ணத்துப்பூச்சி மீனின் லார்வா. ஏஞ்சல் மீனின் லார்வாவுக்கு இந்தக் கவசம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் விலங்கியலாளர் குந்தர் இதைப் பார்த்துத் தனிப் பேரினம் என்றே பெயரிட்டார், தோலிக்திஸ் என்பது அப்படி வந்த பெயர்தான். பாறையில் குடியேறியபின் தகடுகள் கரைந்து உடம்போடு அடங்கிவிடும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. கழிமுகங்களில் திரியும் ஸ்கேட்டோஃபேகஸ் குடும்ப லார்வாவுக்கும் தலைத் தகடு இருக்கிறது. குதத்துடுப்பைப் பாருங்கள். முள் 4 என்றால் பெரும்பாலும் ஸ்கேட்டோஃபேகஸ், 3 என்றால் வண்ணத்துப்பூச்சி மீன். முதல் முள் குட்டையாக, தோலுக்குள் பதுங்கியிருக்கும். ஊசியால் துடுப்பை முன்னோக்கி மெதுவாக நிமிர்த்தி, அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்து எண்ணவேண்டும். மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் அந்த முதல் முள் கண்ணில் படாது, 4 என்பது 3 ஆகிவிடும்.

முள்ளெண்ணி

எண்ணுவது என்று பேச்சு வந்துவிட்டது, எனவே வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தின் ஹெனியோக்கஸ் பேரினம்.

மாலத்தீவுப் பாறைச்சரிவில் எடுத்த காணொளி. கறுப்பு வெள்ளைப் பட்டை, முதுகில் நீண்ட வெள்ளை இழை, நூற்றுக்கணக்கில் கூட்டம். கீழே மூன்று பேர் மூன்று பெயர் எழுதியிருந்தார்கள். "மூரிஷ் ஐடல்" என்றவரை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் வால் கறுப்பு, இதன் வால் மஞ்சள். மூரிஷ் ஐடல் இந்தக் குடும்பமே இல்லை. சாங்கிளஸ் என்ற ஒரே இனத்துக்கான தனிக் குடும்பம், உறவு கத்திவால் சர்ஜன் மீன்களோடு.

மிச்சமிருப்பது அக்யூமினேட்டஸா, டிஃப்ரியூட்டஸா. முதுகுத்துடுப்பு முள் முதலதில் 11, இரண்டாவதில் பெரும்பாலும் 12. டிஃப்ரியூட்டஸின் மூக்கு குட்டை, மார்பு உருண்டு முன்தள்ளியிருக்கும். அது மிதவை உயிரிகளைத் தின்பதால் நீரின் நடுவே பெருங்கூட்டமாக நிற்கும். அக்யூமினேட்டஸ் அநேகமாகத் தனியாக அல்லது ஜோடியாகப் பாறையை ஒட்டியே திரியும். கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அக்யூமினேட்டஸும் சில நேரம் சேர்ந்து நிற்பதுண்டு. காணொளியில் ஒரு மீன் திரும்பும் கணத்தில் துடுப்பு முழுதாக விரியும். அந்தச் சட்டகத்தை நிறுத்தி முள் எண்ணுங்கள். இதில் 12 இருந்தது.

உப்புத்தொட்டி

நான் எழுத வந்தது காப்பர்பேண்ட், கெல்மான் ரோஸ்ட்ரேட்டஸ். கடையில் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற மீன், வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டிப்போய். அப்படி ஒட்டிப்போனதை வாங்கினால் தேறாது.

வாங்குமுன் கடைக்காரரை எதிரே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். தொட்டி 400 லிட்டராவது இருக்கட்டும், உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி அளவில், கூடவே முரட்டு டாங் (சர்ஜன்) மீன் இல்லாமல். முதலில் பாதி ஓடு திறந்த மட்டியைப் பாறை இடுக்கில் வையுங்கள், சதையைக் கொத்திப் பழகும். அடுத்து உறைந்த மைசிஸ் இறாலை அதே ஓட்டில் திணித்து வையுங்கள். ஓட்டிலிருந்து எடுக்கக் கற்றபின்தான் நீரில் மிதக்கும் தீனி. ஒரே வேளையில் கொட்டாமல் நாளுக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக. ஐப்டேசியா எனும், தொட்டியில் களையாகப் பரவும் கடல்சாமந்தியைத் தின்னும் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். எல்லா மீனும் தின்னாது. தின்றாலும் அது தீர்ந்ததும் பட்டினி கிடக்கும்.

தட்டைப்புழு ஒட்டுண்ணி இந்தக் குடும்பத்தில் அதிகம். உப்பு நீக்கிய ஆர்ஓ நீரில் சமையல் சோடா சேர்த்து பி.ஹெச். அளவைத் தொட்டி நீரோடு சமமாக்கி, வெப்பத்தையும் சமமாக்கி, காற்றுக்கல் போட்டு 3 முதல் 5 நிமிடம் மீனை விடுங்கள். உடம்பில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் எள்ளளவு வெண்புள்ளிகளாக மாறி உதிர்ந்து அடியில் விழும். மீன் சாய்ந்து விழுந்து மூச்சு தடுமாறினால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். தாமிர மருந்தை ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றாதீர்கள், தினமும் சோதனைப் பெட்டியில் அளந்து படிப்படியாக ஏற்றவேண்டும்.

திட்டுவாசி சொன்ன முள்ளுக்கு ஒரு நடைமுறைப் பயன்: ஏஞ்சல் மீனை வலையில் பிடித்தால் அந்த முள் வலைக்கண்ணில் மாட்டிக் கன்னம் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள். மற்றபடி வண்ணத்துப்பூச்சி மீன் எதுவானாலும் பொறுமையாக ஊட்டினால் பழகிவிடும்.

செவுள்

உப்புத்தொட்டி அண்ணே, இங்கே யாரும் தொட்டி வளர்ப்புக் கேட்கவில்லை. எழுதியதில் பாதி பயனுள்ளது, அதை மறுக்கவில்லை. ஆனால் "எதுவானாலும் பழகிவிடும்" என்ற கடைசி வரியை அப்படியே விட முடியாது. கீட்டோடான் பேரினத்தின் டிரைஃபேசியேட்டஸ், டிரைஃபேசியாலிஸ், மேயரி, ஆர்னாட்டிசிமஸ் இவையெல்லாம் உயிருள்ள பவளத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பவை. டிரைஃபேசியாலிஸ் ஒரு மேசைப் பவளத்தைத் தன் எல்லையாக்கிக்கொண்டு, அதைக் கொத்த வரும் மற்ற மீன்களை விரட்டும். அந்தப் பவளம் வெளுத்துச் செத்தால் மீனும் அங்கே இருக்காது. தொட்டியில் மைசிஸைக் கொத்தி விழுங்கினாலும் மெலிந்துதான் சாகும். இவற்றை வாங்காமல் இருப்பது ஒன்றே வழி. ஆரிகாவும் லூனுலாவும் வேறு, பலவகை இரை தின்பவை, அவை பழகும்.

என் பங்குக்கு டிரைஃபேசியேட்டஸ். 1797இல் இதை விவரித்தவர் முங்கோ பார்க், நைஜர் ஆற்றைத் தேடிப் போனவரேதான். அதற்கு முன் கப்பல் மருத்துவராகச் சுமத்ரா போய் வந்தார். பசிபிக்கில் இருக்கும் அதன் இரட்டை லூனுலாட்டஸ், நெடுங்காலம் அதே பெயரில் கிடந்தது. வால் அடியில் ஆரஞ்சு இருந்தால் இந்தியப் பெருங்கடல் இனம், இல்லாவிட்டால் பசிபிக் இனம். சிக்கல் இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்மஸ் தீவில். இரண்டு கடல்களும் சந்திக்கும் இடம், இரண்டு இனமும் ஜோடி சேர்கின்றன. அங்கிருந்து வந்த ஒரு படத்தில் வால் அடி ஆரஞ்சு பாதியில் மங்கி நின்றது. இதை மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் சோதித்தால் தாயின் இனம் மட்டுமே தெரியும், கலப்பு தெரியாது. உட்கரு மரபணுவும் வேண்டும்.

மாதிரி எடுப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் துடுப்புகளை ஊசி குத்தி விரித்துப் புதிதாகவே படம் எடுக்கவேண்டும், ஏனென்றால் மஞ்சளும் ஆரஞ்சும் திரவத்தில் கரைந்துபோகும், கறுப்பு மட்டுமே மிஞ்சும். பிறகு துடுப்பில் சிறு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில். அதன் பின்புதான் மீனை 10 சதவீத ஃபார்மலினில் இடவேண்டும். ஃபார்மலினில் போட்டபின் துண்டு வெட்டினால் மரபணு சிதைந்திருக்கும்.

ஆழி

எல்லோரும் இனத்திலேயே நிற்கிறீர்கள், குடும்பத்தையே யாரும் தொடவில்லை. லின்னேயஸ் 1758இல் கீட்டோடான் என்ற பெயரில் தட்டையான மீன்களையெல்லாம் அள்ளிப் போட்டார். ஏஞ்சல், சர்ஜன், மூரிஷ் ஐடல், பிளாட்டாக்ஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. ஏஞ்சல் மீன் மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரை துணைக்குடும்பமாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1974இல் மீனியலாளர் பர்ஜஸ் அதைத் தனிக் குடும்பமாகப் பிரிக்கும் சான்றுகளை அடுக்கினார். முள்ளும் லார்வாவும் மேலே சொல்லியாகிவிட்டது. மூன்றாவது, வயிற்றுத்துடுப்பின் அடியில் கூரான செதில் மடல். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு உண்டு, ஏஞ்சலுக்கு இல்லை. செத்த மீனில் முள் ஒடிந்திருந்தால் இந்த மடலைத் தேடுங்கள்.

இப்போது ஏறக்குறைய 130 இனங்கள், ஒரு டஜன் பேரினங்கள். பெரும்பகுதி கீட்டோடான். அதைப் பிரிக்க, உடம்பின் பக்கவாட்டில் ஓடும் துளைச் செதில் வரிசையான பக்கக்கோடு போதும். கீட்டோடானில் அது முதுகுத்துடுப்பின் பின்முனைக்குக் கீழேயே நின்றுவிடும். ஹெனியோக்கஸ், கெல்மான், ஃபோர்சிபிகர் போன்றவற்றில் வால் அடி வரை ஓடும். மீனை ஈரம் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் துளையுள்ள செதில்கள் வரிசையாகத் தெரியும். கீட்டோடானின் காற்றுப்பையிலிருந்து முன்னோக்கி வரும் இரண்டு கொம்புகள் தலைக்குப் பின்னால் இந்தப் பக்கக்கோட்டுக் குழாயைத் தொடுகின்றன. 1998இல் வெளியான கண்டுபிடிப்பு. ஒலியை உணர உதவும் அமைப்பு என்று கருதுகிறார்கள். அறுக்கும்போது முதுகுப் பக்கமாக வெட்டினால் கொம்பு கிழிந்துவிடும், பக்கவாட்டில் திறக்கவேண்டும்.

என்னை உலுக்கியது வேறொன்று. 2017இல் வந்த எலும்பு மீன் வகைப்பாட்டில் வண்ணத்துப்பூச்சி மீனோடு ஒரே வரிசையில் (குடும்பத்துக்கு மேலுள்ள பிரிவு) வைக்கப்பட்டிருந்தது ஏஞ்சல் மீன் அல்ல. நம் மீன் சந்தையில் கூடையில் கொட்டிக் கிடக்கும் காரல். வாயைக் குழாயாக நீட்டும், உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாப் பை வைத்திருக்கும் அதே காரல்தான். எல்லோரும் ஏற்கவில்லை, சிலர் இரண்டையும் சர்ஜன் மீன் வரிசைக்குள் வைக்கிறார்கள். ஆனால் "உருவம் ஒன்று, ஆகவே உறவு" என்று ஏஞ்சலைப் பக்கத்தில் உட்காரவைத்த பழைய நினைப்பு மரபணுவின் முன் நிற்கவில்லை.

முள்ளெண்ணி

ஆழி, பக்கக்கோடு கையில் இருக்கும் மீனுக்கு. படத்தில் என்ன செய்வது? நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீனான ஃபோர்சிபிகரில் மூக்கு நீளத்தை அளந்து சண்டை போடுகிறார்கள். மீன் கொஞ்சம் திரும்பினாலே அளவு பொய்க்கும். மார்புச் செதிலைப் பாருங்கள். ஒவ்வொரு செதிலிலும் கரும்புள்ளி வரிசையாக இருந்தால் லாங்கிரோஸ்ட்ரிஸ். மார்பு வெறும் வெள்ளியாக, வாய்ப்பிளவு நீளமாக இருந்தால் ஃபிளாவிசிமஸ். ஹவாய்ப் பக்கம் முழுக்கக் கரும்பழுப்பாக வரும் மீனும் லாங்கிரோஸ்ட்ரிஸ்தான், அதில் புள்ளி தெரியாது. அங்கே முதுகு முள்: 10 அல்லது 11 என்றால் லாங்கிரோஸ்ட்ரிஸ், 12 என்றால் ஃபிளாவிசிமஸ்.