போனை வாங்காம சொல்லிக் குடுத்த கதை

நமக்கு வண்ணாரப்பேட்டை, எம்சி ரோடு பக்கம் பிரவுசிங் சென்டர், இப்ப ஜெராக்ஸ் கடைன்னே சொல்லலாம். போன வருஷம் தடைகாலம் ஆரம்பிச்ச டைம், ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாதுல்ல, காசிமேடே கொஞ்சம் டல்லா இருக்கும், அப்பதான் மீன் விக்கிற ஒரு ஆயா வந்து "கண்ணு, துட்டு வந்துச்சா இல்லியான்னு எனக்கே பாக்கத் தெரியணும்"னு போனை நீட்டுச்சு. மேட்டர் இன்னான்னா எவனோ ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு, பணம் போட்ட மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட்டக் காட்டிட்டுப் போயிட்டான். பையன் கிட்ட கேட்டா "உனக்குப் புரியாது, குடு"ன்னு புடுங்கிக்குவானாம்.

நானும் அதேதான் பண்ணேன். போனை வாங்கி டக்கு டக்குன்னு நாலு எடத்துல அமுக்கி "இதான் ஆயா"ன்னேன். ஆயா ஒரு மாதிரி பாத்துட்டு "நான் மீன் ஆய்றத பாத்துகினு இருந்தா உனுக்கு ஆய வந்துருமா?"ன்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிகினுதான் சொல்லிக் குடுத்தேன்.

எழுத்து படிக்க வராது, ஆனா நம்பர்ல அத அடிச்சிக்க முடியாது, ஏலத்துல கூடை இவ்ளோன்னா கிலோவுக்கு எவ்ளோ விழும்னு வாய்க்கணக்காவே சொல்லும். அதனால பேரெல்லாம் விட்டுட்டு பணம் அனுப்பற ஆப்ல வரவு லிஸ்ட்ட தொறந்து தொகை, தேதி, டைம் மட்டும் பாக்க சொன்னேன். புதுசா வர்றது அடியில இல்ல, மேலதான் நிக்கும்ன்றதுதான் லேசுல பிடிபடல, நானே பத்து தடவ ஒவ்வொரு ரூவாயா அனுப்பிக் காட்டுனேன். பேலன்ஸ் பாக்க ரகசிய பின் நம்பர் போடறப்ப நான் திரும்பி நின்னுக்குவேன், அதுவரைக்கும் ஆயா அத எல்லார்கிட்டயும் சத்தமா சொல்லிகினு இருந்துச்சு பாவம். துட்டு வாங்கறதுக்கு பின் நம்பரே வேணாம், அப்டி எவனாவது போட சொன்னா அவன் திருடன், இத மட்டும் மூணு நாளு திருப்பித் திருப்பி சொன்னேன்.

நடுவுல ஆப் அப்டேட் ஆகி பட்டன் எடம் மாறிப் போச்சு. "ராத்திரியோட ராத்திரியா கடைய எடம் மாத்துனா வாடிக்க எப்டிடா வரும்"னு என்னைய புடிச்சு கத்துச்சு. நியாயம்தான், இன்னா பதில் சொல்றது.

*

ஆயா கதைய படிச்சேன், நான் வேற ஆளு, நம்ம கதை இதுக்கு உல்டா. பாரிமுனைல வருஷக்கணக்கா டைப்ரைட்டர்ல மனு அடிச்ச ஒரு சார், தமிழ் டைப்பிங் ஹையர் பாஸ், நம்மகிட்ட கம்ப்யூட்டர் கத்துக்க வந்தார். மவுஸ் டேபிள் ஓரத்துக்கு வந்துட்டா அதோட நின்னுடுவார், தூக்கி நடுவுல வெக்கலாம்னு யாரும் அவருக்கு சொன்னதே இல்ல. சீட்டுக்கட்டு கேம போட்டு விட்டேன், 1990ல விண்டோஸ் 3.0லயே அது வந்துடுச்சு, ஜனங்க மவுஸ்ல இழுத்து வெக்கப் பழகட்டும்னுதான் வெச்சாங்களாம். ரெண்டு நாள்ல கை படிஞ்சிடுச்சு.

அசிங்கப்பட்டது தமிழ் அடிக்கறதுல, அவர் இல்ல, நான். தமிழ்99ன்ற கீபோர்டு முறைதான் ஈசி சார்னு பெருசா ஆரம்பிச்சேன். டைப்ரைட்டர் மெஷின்ல புள்ளிய மொதல்ல அடிக்கணும், அதுக்கு பேப்பர் மாட்டுன கேரேஜ் நகராது, அப்புறம்தான் எழுத்து. தமிழ்99ல எழுத்து முன்ன, புள்ளி பின்ன. எல்லாம் தப்புத் தப்பா வர மனுஷன் மொகமே சுருங்கிப் போச்சு. அப்புறம்தான் என்எச்எம் ரைட்டர்ன்ற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல பழைய டைப்ரைட்டர் கீபோர்டே இருக்குன்னு தெரிஞ்சு மாத்திக் குடுத்தேன். சும்மா பட்டாசு! வரி முடிஞ்சா மட்டும் எடது கை தானா மேல போய், டைப்ரைட்டர்ல அடுத்த வரிக்குப் போக தள்ற, இங்க இல்லாத லீவர தள்ளும். நான் கண்டுக்காத மாதிரி இருந்துக்குவேன்.

*

மறுபடி நான்தான், ஜெராக்ஸ் கடைக்காரன். அந்த லீவர் மேட்டர் செம. எங்க ஆயா இப்ப பக்கத்துக் கடை அம்மாவுக்கு சொல்லிக் குடுக்குது, போனைத் தொடறதே இல்ல, "நீயே அமுக்குடி"ன்னு அதட்டல் வேற. நான் அனுப்புன பத்து ரூவாயயும் கணக்கு வெச்சு திருப்பி அனுப்பிச்சு, பின் போடறப்ப "அந்தாண்ட திரும்பு"ன்னுட்டு.