50 ரூபாய்க்குள் ராத்திரிக்கு சூப்பும் சாண்ட்விச்சும்: மண்டபத்தில் நடக்குமா?

மாடி_ரூம்_மண்டபம்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஆபீஸ் ஒன்றில் ஒப்பந்த வேலையாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வந்து, ஒரு வீட்டு மொட்டைமாடி ரூமில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பி, வாடகையும் கொடுத்தபிறகு சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 140 ரூபாய்தான் தேறும். காலை இட்லிக்கும் மதியம் அளவுச் சாப்பாட்டுக்கும் 90 போய்விடும். ராத்திரிக்கு மிஞ்சுவது 50.

இத்தனை நாள் பரோட்டா சால்னாவில் ஓட்டினேன். இப்போது வயிறு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ராத்திரியில் சூடாக ஏதாவது ஒரு சூப், கூட ரெண்டு சாண்ட்விச், இப்படி லேசாகச் சாப்பிட்டுப் படுக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் காட்டுகிறவர்கள் எடுத்ததுமே வெண்ணெய், சீஸ், கிரீம் என்கிறார்கள். பாக்கெட் சூப்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது, வயிறும் நிறையவில்லை.

ரூமில் இருப்பது: கரண்ட் அடுப்பு (இன்டக்‌ஷன்), 3 லிட்டர் குக்கர், தட்டையான இரும்பு தோசைக்கல், ஒரு தேங்காய்த் துருவி. மிக்ஸி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. ரேஷன் கார்டு ஊரில் அம்மா பெயரில் இருக்கிறது, இங்கே நான் வாங்குவதில்லை. மீன் சாப்பிடுவேன், ஆனால் எங்கள் பக்கம் கண்மாய்க் கெண்டையோடு சரி. கடல் மீனில் எது என்ன என்றே தெரியாது. யாராவது வழி சொல்லுங்கள்.


தங்கச்சிமடம்_அக்கா:

தம்பி, அந்த வீடியோ சூப்பில் காசு போவது காய்கறிக்கு இல்லை. வெண்ணெய்க்கும் சீஸுக்கும்தான். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: தண்ணீர், உப்பு, ருசிக்கு ஒரு சாறு, வழவழப்புக்குக் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான் சூப். இந்தக் கரையில் சாறுக்கு மீன் தலை இருக்கிறது, கொழுப்புக்குத் தேங்காய் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கடலுக்குப் போகாத நாளெல்லாம் எங்கள் வீட்டில் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு) ரொட்டியும்தான். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைச் சனங்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், பாணும் (பிரெட்) சம்பலும் சொதியும் என்று.

சொதி வைப்பதைச் சொல்கிறேன், மிக்ஸியே வேண்டாம். அரை மூடித் தேங்காயைத் துருவி, கை பொறுக்கும் சூட்டில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். அது முதல் பால், தனியாக எடுத்து வையுங்கள். அதே துருவலில் இன்னும் ரெண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றிப் பிழிந்தால் ரெண்டாம் பால். குக்கரை மூடாமல் வைத்து, ரெண்டாம் பாலில் ஏழெட்டு சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை, வெந்தயம் ஒரு சிட்டிகை, மஞ்சள், உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் கண்ணாடியாக வெந்ததும் மீனைப் போடுங்கள். மீன் வெந்து நிறம் மாறினதும் அடுப்பை ஆகக் குறைச்சலான வாட்டில் வைத்து முதல் பாலை ஊற்றிக் கரண்டியால் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியதும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிக் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சையை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது கூடாது.

மீனுக்கு: பெரிய பாறை மீன், விளமீன் வெட்டி விற்கிற கடையில் தலையைத் தனியாகக் கேளுங்கள். சதை விலையில் பாதிகூட இருக்காது. செவுளை எடுத்து, ரெண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். ஒரு தலை உங்களுக்குத் தாராளம். காரல் பொடி (சின்னக் காரல் மீன்) இதைவிட மலிவு, சொதிக்கு அதைப்போல இனிப்பான மீன் கிடையாது, ஆனால் முள் பழகாதவருக்குத் தொண்டையில் ஏறும். கொஞ்ச நாள் போகட்டும்.

நண்டும் உண்டு. பெரிய நீலக்கால் நண்டை ஏற்றுமதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், நமக்கு எட்டாது. கால் ஒடிந்தது, சின்னது எல்லாம் கூறு கட்டி விற்கும். அதை நசுக்கிப் போட்டு மிளகு, சீரகம், பூண்டு தட்டி ரசம் வைத்தால் சளிக்கு மருந்தே வேண்டாம். வயிற்றில் சினை ஒட்டியிருக்கிற நண்டை மட்டும் வாங்காதீர்கள், அது கடலில் இருக்க வேண்டியது.

சாண்ட்விச்சுக்கு சாளை (மத்தி மீன்) வாங்குங்கள். தலை, குடல் எடுத்து, உப்பு, மஞ்சள், புளித்தண்ணீர் கொஞ்சம் விட்டு மூடி வேக வையுங்கள். ஆறினதும் முதுகுப் பக்கம் விரலால் பிளந்து வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் சீப்பு மாதிரி முழுசாக வந்துவிடும். சதையை உதிர்த்து, பொடியாக நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து பிரெட்டில் வைத்து, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் ரெண்டு பக்கமும் அழுத்திச் சுடுங்கள். உள்ளே ஈரம் இருக்கிறது, அதனால் வெண்ணெய் இல்லாதது தெரியாது.

மீன் வாங்குகிற நாள் முக்கியம். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் வரத்து அதிகம், விலையும் இறங்கும். ஆபீஸ் விட்டுச் சாயங்காலம் வாங்குவதாக இருந்தால் ஐஸில் கிடக்கிற மீனை மட்டும் வாங்குங்கள். சாளை, காணாங்கெளுத்தி, சூரை மூன்றும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒன்று ஊறும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை கனக்கும். உங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்கு மீன் ஆசையை விட்டுவிட்டு முட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.


சாயல்குடி_பெருசு:

வயிறு கெட்டுப்போச்சு என்று பரோட்டாவை விட்டுவிட்டு பிரெட்டுக்குப் போகிறாராம். ரெண்டும் ஒரே மைதாதானே தம்பி? வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கிற மாவட்டம் இது. ரெண்டு கைப்பிடி முருங்கைக்கீரை உருவி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப். தொட்டுக்கொள்ளக் கம்பு ரொட்டி. வாடகை வீட்டுக்காரர் மரத்தில் கேட்டால் கீரைக்குக் காசுகூட ஆகாது. இதுக்கு எதுக்கு சாண்ட்விச் என்று ஒரு பேரு.


தங்கச்சிமடம்_அக்கா:

ஐயா சொல்கிற முருங்கைக்கீரை சூப் சரிதான், நானே சொல்ல விட்டுப்போனது. ஆனால் ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வருகிற பிள்ளை கம்பு மாவு பிசைந்து தட்டிக்கொண்டு இருக்குமா? பிரெட்டே சாப்பிடட்டும். கீரையை வடிகட்டிக் கொட்டாமல் அப்படியே சாப்பிடுங்கள் தம்பி, சக்கையிலும் சத்து இருக்கிறது. ஒரு பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்தால் பசியும் தாங்கும்.


கீழக்கரை_பாய்:

நான் கல்ஃபில் பேச்சிலர் ரூமில் இருந்தவன் என்பதால் இந்த 50 ரூபாய் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. அங்கே என்னைக் காப்பாற்றியது கஞ்சி. நோன்புக் கஞ்சியின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நொய் அரை டம்ளர், பாசிப்பருப்பு ரெண்டு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், பூண்டு நாலு பல், இஞ்சி, வெங்காயம், ஒரு தக்காளி, பட்டை ஒரு துண்டு. எட்டு மடங்கு தண்ணீர் வைத்து குக்கரில் நாலு விசில். திறந்து கரண்டியால் மசித்து, அக்கா சொன்ன மாதிரி பிழிந்த தேங்காய்ப்பால் கொஞ்சம், மல்லி, புதினா. கறி வாங்க முடிந்த அன்றைக்கு நூறு கிராம் கொத்துக்கறி. இல்லாவிட்டாலும் குறைவில்லை. வெந்தயம் மட்டும் கட்டாயம் வேண்டும், கெட்ட வயிற்றுக்கு அதுதான் காவல்.

சாண்ட்விச்சுக்கு மாசி. சூரையை அவித்துக் காயவைத்த கட்டை, எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். கிலோ விலையைக் கேட்டுப் பயப்படாதீர்கள், 50 கிராம் வாங்கினால் பல நாளைக்கு வரும், ஃபிரிட்ஜும் கேட்காது. இடித்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், வறுத்த குண்டு மிளகாய், உப்பு சேர்த்து டம்ளர் அடியால் நசுக்கி, எலுமிச்சை பிழிந்தால் மாசிச் சம்பல். குண்டு மிளகாய் நம்ம ராமநாதபுரத்து முண்டுதான், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினது. காரம் அளவாக இருக்கும், வாசம் தூக்கும். நீட்டு மிளகாயில் செய்தால் அந்த ருசி வராது, என்னுடன் யாரும் சண்டைக்கு வரலாம்.

ரமலான் மாதத்தில் அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு ஒரு தூக்குவாளியோடு பள்ளிவாசல் பக்கம் போங்கள். என்ன மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கஞ்சி ஊற்றுவார்கள். கூச்சப்பட வேண்டாம்.


ராம்நாடு_பேக்கரி:

பேக்கரியில் வேலை பார்க்கிறேன், பிரெட் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்ன பாக்கெட்டைவிட முழு பிரெட் கட்டுப்படியாகும். சாயங்காலம் போனால் முந்தின நாள் பிரெட்டைக் குறைத்துத் தரும் கடையும் உண்டு, கேட்டுப் பாருங்கள். கல்லில் சுட்டுச் சாப்பிட நேற்றைய பிரெட்தான் நல்லது. புதுசு நசுங்கிக் களியாகிவிடும். ஃபிரிட்ஜ் இல்லையே என்று பிரெட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம், ஃபிரிட்ஜில் வைத்தால்தான் சீக்கிரம் விறைக்கும்.

ஆனால் கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அதனால் ரெண்டு ராத்திரிக்கு சாண்ட்விச் போடுங்கள், மூன்றாவது நாள் மிச்சத் துண்டுகளை எல்லாம் குறைந்த சூட்டில் மொறுமொறுவென்று காயச் சுட்டு மூடி போட்ட டப்பாவில் அடைத்துவிடுங்கள். சூப்பில் நனைத்துச் சாப்பிட அதுதான் சுகம். பச்சையாகப் பூஞ்சை கண்ட துண்டைக் கிள்ளிவிட்டுச் சாப்பிடாதீர்கள், உள்ளே பரவியிருக்கும்.


மாடி_ரூம்_மண்டபம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சொதி வைத்தேன். பாறைத் தலை 30 ரூபாய், தேங்காய் அரை மூடி 15, வெங்காயம் மிளகாய் எல்லாம் சேர்த்து 5. பிரெட் தனி. பட்ஜெட் கொஞ்சம் இடித்தது, ஆனால் சொதி காலைக்கும் மிஞ்சியது. கீழ்வீட்டு ஆச்சி வாசம் பிடித்து மாடிக்கே வந்துவிட்டார்கள். முருங்கை மரமும் அவர்களுடையதுதான், கேட்டாகிவிட்டது.

ரெண்டு சந்தேகம். மிஞ்சின சொதியை ராத்திரி முழுக்க வெளியே வைக்கலாமா? ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?


தங்கச்சிமடம்_அக்கா:

தேங்காய்ப்பால் ஊற்றின எதையும் நம்ம ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள் தம்பி. மிஞ்சும் என்று தெரிந்தால் ஆச்சிக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள், கீரை கேட்கவும் வசதி. அடுத்த தடவை தலையில் பாதி, தேங்காயில் கால் மூடி போடுங்கள், கணக்கு 50-க்குள் வந்துவிடும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகும். மீன் வரும், ஆனால் விலை கேட்கவே முடியாது. அந்த ரெண்டு மாதத்துக்கும் சேர்த்து அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபாய். நாலு பேர் இருக்கிற எங்கள் வீட்டில் அது எத்தனை நாளைக்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், உங்கள் 50 ரூபாய் எங்களுக்குப் பெரிய பட்ஜெட்டாகத் தெரியும்.

அப்போது முட்டைச் சொதிதான். ரெண்டாம் பால் கொதிக்கும்போது முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, ஓரமாக மெதுவாகச் சரித்து விடுங்கள். ரெண்டு நிமிடம் கரண்டி போடாதீர்கள், கலங்கிவிடும். வெள்ளை கட்டினதும் முதல் பால் ஊற்றி இறக்குங்கள். சாண்ட்விச்சுக்கு நெத்திலிக் கருவாடு. வெந்நீரில் ஊறப்போட்டு மணல் போக மூன்று நாலு தண்ணீர் அலசி, தலையைக் கிள்ளிவிட்டு, துளி எண்ணெயில் வெங்காயம் தக்காளியோடு சுருள வதக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவையே இருக்காது. வதக்குகிற நேரம் மாடிக் கதவைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஆபீஸ் சட்டையும் சேர்ந்து மணக்கும்.


பாம்பன்_பாசி:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பாசி எடுக்கிற பெண்களிடம் காய்ந்த கஞ்சிப்பாசி கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். வெளுக்க அலசிக் காயப்போட்டதாக இருக்க வேண்டும். ஒரு பிடியை ஊறவைத்து, கரையும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டினால் தண்ணீர் வழவழப்பாக இருக்கும், ஆற ஆறக் கெட்டியாகும். முருங்கைக்கீரை சூப்பில் அதைக் கலந்தால் சோளமாவு வேண்டாம், கிரீம் வேண்டாம். கடல் வாடை பிடிக்காவிட்டால் ரெண்டு பல் பூண்டு கூடுதல்.


மாடி_ரூம்_மண்டபம்:

பாம்பனில் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் அக்கா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன்.


பாம்பன்_பாசி:

பாலத்தைத் தாண்டிப் பாம்பன் பக்கம் இறங்கி, தெற்கே கடற்கரைக்கு நடங்கள். பாசி காய்கிற இடம் கண்ணில் படும். வெயில் ஏறுமுன் வந்தால் ஆள் இருக்கும்.