மூங்கில் புல் என்று சொல்ல 90 ஆண்டுகளா?

திருவையாற்றான்: 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரத்தில் சேர்த்தது, 2017-இல்தான் திருத்தி நீக்கினார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியோ ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று என்றைக்கோ முடித்துவிட்டது. காழ் என்பது தண்டின் கெட்டியான பகுதி, வைரம். அது வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். மூங்கில், தென்னை, பனை எல்லாம் புல். தமிழ் இலக்கணம் படித்த ஒருவர் அந்தச் சட்டத்தை எழுதியிருந்தால் இந்தக் குளறுபடி நேர்ந்திருக்காது.

குடந்தை வக்கீல்: ஐயா, அந்தச் சட்டம் நம் ஊரில் நடப்பதே அல்ல, இங்கே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம். அது கிடக்கட்டும். 1927 சட்டத்தின் வாசகத்தைப் படித்தீர்களா? ‘மரம் என்பதில் பனை வகை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு ஆகியவையும் அடங்கும்’ என்கிறது. வெட்டியபின் எஞ்சும் அடிக்கட்டைகூட மரம்! எழுதியவருக்குக் கட்டை எது, மரம் எது என்று தெரியாதா? காட்டிலிருந்து எதைக் கடத்தினாலும் பிடிக்க வேண்டும் என்று விரித்த வலை அது. 2017-இல் மூங்கிலை எடுத்ததும், சொந்த நிலத்தில் வளர்த்தவர் அனுமதிச் சீட்டுக்கு அலையக்கூடாது என்பதற்காக. பனை வகை இன்னும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

திருவையாற்றான்: ‘வகைப்பாட்டில் மூங்கில் புல்’ என்று அரசே அப்போது விளக்கம் சொன்னதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மன்னை தாவரவியல் மாணவி: மூங்கிலைப் பொறுத்தவரை சரி, அது நெல்லின் குடும்பம். தென்னை அந்தக் குடும்பமே இல்லை. தொல்காப்பியர் கண் கூர்மையானது, மறுக்கவில்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி கடைசிவரை மூடாது. மாமரத்தில் காயம் பட்டால் பட்டை வளர்ந்து மூடிவிடும். தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் தென்னையில் இல்லை. ஆனாலும் எங்கள் பாடத்தில் ‘மரம்’ என்பது குடும்பப் பெயர் அல்ல, வளரும் விதம். சரி, வாழையை எதில் சேர்ப்பீர்கள்? அதற்கு உள்ளேயும் காழ் இல்லை, வெளியேயும் இல்லை.

திருவையாற்றான்: மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லுக்குரியவை என்று அதே மரபியல் சொல்கிறது அம்மா. வாழைக்கும் மடல், குலை என்றுதானே சொல்கிறோம்?

மன்னை தாவரவியல் மாணவி: ‘இலை’ என்ற சொல்லை அதே மரபியல் மரத்தின் பட்டியலில் வைத்திருக்கிறது ஐயா. எந்தப் பந்தியில் வாழை ஓலை போட்டுப் பரிமாறினார்கள்?

பேராவூரணித் தோப்புக்காரர்: 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. கணக்கெடுக்க வந்தவர் மரத்தை எண்ணித்தான் எழுதினார். ‘புல் சாய்ந்துவிட்டது’ என்று நான் சொல்லியிருந்தால் ஆட்டுக்குப் போடச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

திருவையாற்றான்: நிவாரணப் படிவத்தில் மரம் என்றே இருக்கட்டும் தம்பி. பள்ளிக்கூடத்தில் புல் என்று சொல்லிக்கொடுக்க என்ன தடை?

குடந்தை வக்கீல்: ஆக, சட்டத்துக்கு ஒரு மரம், பள்ளிக்கு ஒரு மரம். நான் காலையிலிருந்து சொல்வது அதைத்தானே!

திருவையாற்றான்: இல்லை. அடிக்கட்டையை மரம் என்ற சட்டத்தை நீங்கள் இன்னும் நியாயப்படுத்தவில்லை.