கேள்வி கேட்டவர் தலைமை ஏற்றாரா?

நடுவரிசை:
“எல்லோரும் தலைவர் என்றால் யாருமே தலைவர் இல்லை, குழுவில் தலைமையைப் பங்கிடச் சொல்பவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர்கள்” என்று பழையபேனா வேறோர் இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மூடுபனியில் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காத நிலையிலேயே அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் தலைமை விமானி அதை ஓட்டத் தொடங்கியிருந்தார். எதிரில் இருந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று அதே விமானி அறையில் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஒருவர் மட்டுமே தலைவராக இருந்த அறையில் நடந்தது இது.

பழையபேனா:
பொறியாளர் கேட்டார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவர் வாயை யாரும் கட்டவில்லை. ஒரு விமானியின் அவசரத்தைத் தலைமை முறையின் குற்றமாக்குவது முறையன்று. இருபத்திரண்டு ஆண்டுகள் குழுக்களை நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, முடிவு ஒருவருக்கே உரியது.

கணக்குப்பிள்ளை:
ஐயத்தைக் கேள்வியாகக் கேட்பது வேறு, நிறுத்துங்கள் என்று சொல்வது வேறு. தலைமை விமானி அதற்குச் சற்று முன்னரே ஒருமுறை வேகத்தைக் கூட்ட முனைந்தபோது, நமக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நேராகச் சொன்னார். உடனே அவர் நிறுத்தினார். இரண்டாம் முறை வந்தது கேள்வி மட்டுமே. பணிவு கலந்த கேள்வியைத் தட்டிவிடுவது எளிது.

பழையபேனா:
நன்றி, என் வாதத்தை நீங்களே நிறுவிவிட்டீர்கள். துணை விமானி சொன்னார், தலைவர் நின்றார். ஒரே தலைவர் என்ற முறை அங்கே வேலை செய்திருக்கிறது. பொறியாளரும் கேட்டார், அதுவும் பதிவில் இருக்கிறது. கேட்டவரைக் கேட்காதவராக மாற்ற உங்களால் முடியாது.

மூன்றாம்ஷிப்ட்:
நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண், பேக்கப் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமா என்று கூட்டத்தின் கடைசியில் கேட்டார். தலைவர் மடிக்கணினியை மூடியபடியே, அதெல்லாம் சரியாக இருக்கும் என்றார். அடுத்த வாரம் சர்வர் விழுந்தபோது அந்தக் கோப்பு காலியாக இருந்தது. அந்தப் பெண்ணும் கேட்டார்தான், ஐயா. திறந்து பார்க்கும் அதிகாரம் அவரிடம் இருந்திருந்தால் கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது. டொயோட்டா ஆலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

பழையபேனா:
கயிற்றை இழுத்த நொடியே வரிசை நிற்பதில்லை. முதலில் குழுத் தலைவர் ஓடி வருகிறார். குறித்த எல்லைக்குள் சிக்கல் தீராவிட்டால்தான் வரிசை நிற்கிறது. பாதி அறிந்ததை முழுதாகச் சொல்வது உங்கள் வழக்கம். உங்கள் அலுவலகப் பெண்ணும் கேட்டார், பொறியாளரும் கேட்டார். கேட்பதற்குத் தடையில்லை என்பதைத்தான் இருவரும் காட்டுகிறார்கள்.

நடுவரிசை:
1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் இசைக்குழு, கையசைத்து இசையை நடத்தும் நடத்துநர் இல்லாமலே வாசிக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

பழையபேனா:
அங்கும் ஒவ்வோர் இசைப்படைப்புக்கும் ஒருவர் முன்னின்று வழிநடத்துகிறார். தலைவர் இருக்கிறார், நீங்கள்தான் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒருவர் படைப்புக்குப் படைப்பு மாறுகிறார். தலைமையைப் பங்கிடுவது என்று இத்தனை நேரம் நாங்கள் சொல்லிவந்தது அதைத்தான். இதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வராது என்பதைச் சென்ற மாதம் பணி மதிப்பீடு பற்றிய இழையிலேயே கண்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

பழையபேனா:
அந்த இழையை இங்கே இழுக்க வேண்டாம். அங்கே என்னை அனுபவமற்றவன் என்று எழுதியவர் நீங்கள், அதை நான் மறக்கவில்லை. ஒரே கேள்வி: பொறியாளர் கேட்டாரா, இல்லையா?

நடுவரிசை:
கேட்டார். அது போதவில்லை என்பதை விமானத்துறையே உணர்ந்தது. 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே, சக்கரக் கோளாற்றில் விமானியின் கவனம் சிக்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். அங்கும் பொறியாளர் எரிபொருளைப் பற்றிப் பேசியிருந்தார். 1981இல் அந்த நிறுவனம் விமானிகளுக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது: கீழே இருப்பவர் ஐயத்தை உறுதியாகச் சொல்லவும், மேலே இருப்பவர் அதைக் காதில் வாங்கவும் பழக்குவது. தலைமை விமானியின் பதவியை யாரும் பறிக்கவில்லை. அவர் ஒருவருடைய தலையில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றி வைக்காதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

பழையபேனா:
பதவி பறிபோகவில்லை என்றால் தலைவர் ஒருவர்தான். நான் சொன்னதும் அதுவே. டெனரீஃப் உரையாடல் பதிவை வரிவரியாக நாளை இங்கே இடுகிறேன். அதுவரை ‘கேட்டார்’ என்ற சொல்லுக்கு யாரும் புதுப்பொருள் சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சென்ற மாதமும் நாளை என்றுதான் எழுதினீர்கள்.